கறுப்பு விளிம்புச் சொற்பொழிவு

அத்தியாயம் ஏழு

பீச் ரோட்டில் ரிக்‌ஷாவை விட்டு இறங்கியதும் மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்று கிளாடிஸின் முகத்தில் ஒரு கை மணலை அள்ளி வீசியது. ஆனி மாதம் தூத்துக்குடியில் யாரும் தெருவில் வாயைத் திறப்பதில்லை. திறந்தால் மண்ணைத் தின்ன வேண்டியதுதான். அந்த 1976-ஆம் வருஷத்து ஆனியில் வாயை மூடிக்கொண்டிருக்க இன்னொரு காரணமும் இருந்தது. எமர்ஜென்சி வந்து ஒரு வருஷம் முடிந்திருந்தது.

"சங்கு ஊதுறதுக்குள்ள முடியுமா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"முடியாதுன்னா திரும்பிப் போயிருவியாளா?" என்றார் துப்பறிவாளர் இசக்கியப்பன்.

இசக்கியப்பன் சாத்தான்குளத்துக்காரர். துறைமுகத்தில் கஸ்டம்ஸ் உத்தியோகம் பார்த்தவர். மேலதிகாரியின் வீட்டிலேயே கடத்தல் துணியைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அதற்குப் பரிசாக வேலை போய்விட்டது. கிளாடிஸ் அவருக்கு உதவியாளர், டைப்பிஸ்ட், தேவைப்பட்டால் வசவு வாங்குகிறவள். வழக்கமாக அவள் வாய் சும்மா இருக்காது. இன்றைக்கு அவளுக்கே அது கஷ்டமாக இருந்தது. லாக்கப்பில் இருந்தவன் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் ரோச்.

ரோச் திரேஸ்புரத்தில் சின்னதாக அச்சகம் வைத்திருந்தான். ஞானஸ்நான அழைப்பு, மீன் கடை நோட்டீஸ், துக்க அட்டை, இவ்வளவுதான் அவன் உலகம். போன வாரம் ஊருக்குள் ஓர் அட்டை முளைத்தது. இரண்டாக மடித்தது, சுற்றிலும் கறுப்பு விளிம்பு, மேலே 'கண்ணீர் அஞ்சலி'. எந்த மகராசன் போய்ச் சேர்ந்தானோ என்று பிரித்தால் உள்ளே ஒரு சொற்பொழிவு. சபையைப் பூட்டிவிட்டு நாட்டை ஆள நினைக்கிற அரசனே என்று ஆரம்பித்து, அரசனை உண்டு இல்லை என்று பண்ணியிருந்தார் எவரோ ஒருவர். பேசியவர் பெயர் இல்லை, அச்சகத்தின் பெயரும் இல்லை.

இன்ஸ்பெக்டர் ராமர் ஊரையே சல்லடை போட்டுச் சலித்தார். அட்டை அகப்பட்டதெல்லாம் கத்தோலிக்க வீடுகளில். ஓர் இந்து வீட்டில்கூட இல்லை. அப்படியானால் கத்தோலிக்கன் ஒருவன் தன் ஆட்களுக்கு மட்டும் அனுப்பியிருக்கிறான், கத்தோலிக்கருக்குத் துக்க அட்டை அடிப்பவன் ரோச் என்று முடிவுகட்டி அவனைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார். நாலு மணிக்கு மில் சங்கு ஊதியதும் ஜீப் கிளம்பும். ரோச் பாளையங்கோட்டைக்குப் போவான். மிசா சட்டத்தில் உள்ளே போனவனுக்கு ஜாமீனும் கிடையாது, எப்போது வருவான் என்று கேட்க ஆளும் கிடையாது.

அந்த அட்டையில் ஒன்று இப்போது கிளாடிஸின் கைப்பையில், ஜெபப் புத்தகத்துக்குள் இருந்தது. யாருடைய துக்கமோ, ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஒரு ஜெபம் சொல்லலாம் என்று பிரிக்காமலே வைத்திருந்தாள். போலீஸ் பார்த்திருந்தால் அண்ணனுக்குத் துணைக்குத் தங்கையும் போயிருப்பாள்.

அதைப் படித்துப் பார்த்துத்தான் இசக்கியப்பன் இந்தத் துப்பைப் பிடித்தார். சொற்பொழிவில் ஓரிடத்தில், 'உறைந்த ஆற்றின்மேல் நடந்து இந்தச் சபைக்கு வந்தோம்' என்று இருந்தது. தாமிரபரணி எந்தக் காலத்தில் உறைந்தது என்று கேட்டார். இது இந்த நாட்டுப் பேச்சே இல்லை, யாரோ வெள்ளைக்காரன் பேசியதைத் தமிழில் போட்டிருக்கிறான், அப்படிப்பட்ட புத்தகம் இந்த ஊரில் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்க முடியும் என்றார்.

அந்த இடத்தின் வாசலில்தான் இப்போது நின்றார்கள். பஞ்சு வியாபாரத்துக்கு வந்த ஸ்காட்லாந்துத் துரைமார்கள் ஒரு காலத்தில் கட்டிய கிளப் அது. துரைமார்கள் கப்பல் ஏறிப் பல வருஷமாகிவிட்டது. பில்லியர்ட்ஸ் மேஜையையும் சுவரில் ஒரு மான் தலையையும் மாடியில் ஓர் அறை நிறையப் புத்தகத்தையும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மான் தலையில் ஒரு கண் இல்லை.

"மிச்சக் கண்ணு நம்மளையேதான் பாக்குது அண்ணாச்சி" என்றாள் கிளாடிஸ்.

நூலகத்துக்குப் பொறுப்பாளர் ரிட்டையர்டு ஆங்கிலப் பேராசிரியர் சிவனணைந்தபெருமாள். நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளைக் கோட்டு, மடியில் மஞ்சள் பை. உள்ளூர்ப் பத்திரிகைகளை அச்சுக்கு முன்னால் படித்துச் சிவப்பு மையால் அடிக்கிற தணிக்கை வேலையையும் சர்க்கார் அவர் தலையில் கட்டியிருந்தது. வந்த விஷயத்தை இசக்கியப்பன் சொன்னதும் மனிதர் ரொம்ப வருத்தப்பட்டார். ரோச் நல்ல பையன் என்றார். பிறகு வராந்தாவுக்குப் போய், கிளப்பைப் பார்த்துக்கொள்ளும் ஜெபகனியைக் கூப்பிட்டு மூன்று கலர் சோடா வாங்கி வரச் சொல்லிவிட்டு வந்தார்.

இசக்கியப்பன் அலமாரிகளை மேய ஆரம்பித்தார். பேராசிரியர் கிளாடிஸிடம் தன் மகள் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னார். ஒரே மகள், பெயர் அருணாசலவடிவு, மாப்பிள்ளை ஸ்ரீவைகுண்டத்தில் பெரிய நெல் விவசாயக் குடும்பம். ஆனியின் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். தவறினால் ஆடி வந்துவிடும். அப்புறம் யார் வீட்டில் என்ன மனசு மாறுமோ என்றார். சொல்லிக்கொண்டே மஞ்சள் பையிலிருந்து கல்யாணப் பத்திரிகைக் கட்டை எடுத்தார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகைகள். ஒன்றை உருவும்போது நடுவிலிருந்து கறுப்பு விளிம்பு போட்ட ஓர் அட்டையும் சேர்ந்து வந்தது.

யாருக்கு என்ன ஆச்சு என்று கிளாடிஸ் கேட்டாள். தூரத்துச் சொந்தம் என்று சொல்லி, அதை மறுபடியும் பத்திரிகைகளுக்கு நடுவில் பத்திரமாகச் செருகினார் பேராசிரியர். கிளாடிஸுக்கு அதில் வித்தியாசமாக ஒன்றும் படவில்லை. இரண்டு கையாலும் கல்யாணப் பத்திரிகையை வாங்கிக்கொண்டாள். அண்ணன் உள்ளே இருக்கும்போது கல்யாணச் சாப்பாட்டுக்கு எங்கே போக என்று நினைத்துக்கொண்டாள்.

"கெடைச்சிட்டு" என்றார் இசக்கியப்பன்.

கன்றுத்தோல் அட்டை போட்ட கனமான புத்தகம். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் ராஜாவுக்கும் பார்லிமெண்டுக்கும் உள்நாட்டுச் சண்டை நடந்தபோது ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் சபையில் பேசிய பேச்சுகள். அந்தக் காலத்திலேயே ஒவ்வொரு பேச்சையும் சின்னப் புத்தகமாக அச்சடித்து லண்டன் தெருவில் விற்றார்களாம். எவனோ ஒரு துரை அதையெல்லாம் சேர்த்து ஒன்றாகக் கட்டி வைத்திருந்தான். இருபது வருஷமாக இதை யாரும் தொட்டதில்லை என்றார் பேராசிரியர். இசக்கியப்பன் புத்தகத்தை மேஜைமேல் வைத்துக் கையை எடுத்தார். அது தானாக ஒரு பக்கத்தில் விரிந்தது. உறைந்த ஆறு அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

"இருவது வருஷமா தொடாத புத்தகத்துக்கு இந்தப் பக்கம்னா மட்டும் ரொம்ப ஆசை போலிருக்கு" என்றார் இசக்கியப்பன்.

அப்போதுதான் கதவு சாத்திக்கொண்டது. வெளியே சாவி திரும்பும் சத்தமும் கேட்டது.

கிளாடிஸ் ஓடிப்போய்க் கதவை இழுத்தாள். பர்மா தேக்கு அசைந்து கொடுக்கவில்லை. ஜெபகனி, ஜெபகனி என்று கத்தினாள், காலால் உதைத்தாள். பேராசிரியர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, அது அவன் பழக்கம், வெளியே போனால் பூட்டிவிட்டுத்தான் போவான், வந்துவிடுவான் என்றார். ஜன்னல்களில் விரல் தடிமனுக்குக் கம்பி. கீழே கடற்கரைச் சாலையில் ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். கிளாடிஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள். காற்று அவள் குரலைப் பிடுங்கிக் கடல் பக்கம் கொண்டுபோனது. அவன் தலையைக் குனிந்தபடி போய்விட்டான்.

தூரத்தில் தோணிகளில் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சுவர்க் கடிகாரம் துரைமார்கள் போன அன்றைக்கே நின்றுவிட்டது போலிருந்தது. வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் நகர்வதைப் பார்த்துத்தான் நேரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கலர் வரவில்லை. ஜெபகனியும் வரவில்லை. பேராசிரியர் விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். இந்த அறையில் இப்படியே சங்குச் சத்தத்தைக் கேட்கப் போகிறோம் என்று நினைத்ததும் கிளாடிஸ் மறுபடியும் கதவை உதைத்தாள். அழுகை வந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை.

இசக்கியப்பன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். புத்தகம் கிடைத்துவிட்டது, ஆனால் ரோச்சை விடுவிக்க அது போதாது என்றார். அட்டை ஏன் கத்தோலிக்க வீட்டில் மட்டும் இருந்தது என்று ராமர் கேட்பார், அதற்குப் பதில் வேண்டும் என்றார்.

"இந்து வீட்டுக்கு வரவே இல்லைன்னு எப்படிச் சொல்றாரு?" கிளாடிஸ் மூக்கை உறிஞ்சினாள். "நம்ம ஆபீசுக்கே வந்துச்சே. போன வாரம் கதவு இடுக்குல ஒண்ணு கெடந்துச்சு, எடுத்து உங்க கையிலதான் குடுத்தேன்."

"எது? கறுப்புக் கரை போட்டிருந்ததா? அதை அங்கனயே கிழிச்சு ரோட்டுல போட்டுட்டேனே."

"படிக்காமலா?"

"துக்கக் கார்டை வாசல் தாண்டி உள்ள கொண்டுவரப்படாதுளா. பாத்ததும் கிழிச்சிரணும். எங்க அய்யா கிழிச்சாவ, நானும்..." இசக்கியப்பன் பாதியில் நிறுத்தினார். எழுந்து நின்றார்.

கிளாடிஸுக்கும் உடனே விளங்கிவிட்டது. அட்டை எல்லா வீட்டுக்கும்தான் போயிருக்கிறது. இந்துக்கள் வாசலிலேயே கிழித்து எறிந்துவிட்டார்கள். கத்தோலிக்கர்கள் செத்தவருக்கு ஜெபம் சொல்ல வேண்டுமே என்று ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்கள். போலீஸ் வந்து தேடியபோது இருந்த இடத்தில் இருந்தது, கிழித்த இடத்தில் இல்லை. இது ராமருக்கும் தெரிந்த பழக்கம்தான். அவரும் ஒன்றைக் கிழித்துப் போட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. தினமும் செய்கிற காரியத்தை யார் யோசித்துப் பார்க்கிறார்கள்?

அவளுக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. அடுத்த நிமிஷமே அது அடங்கிப்போனது. அவள் பார்வை மஞ்சள் பைமேல் விழுந்தது.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம்" என்றாள் மெதுவாக. "கல்யாண வீட்டுல அந்த மாதிரிக் கார்டை வைப்பாவளா?"

"கல்யாண வீட்டுலயா? நல்லா கேட்டே. படி ஏற விடமாட்டாவ."

"கல்யாணப் பத்திரிகைகூட ஒரே பையில?"

"பைத்தியக்காரன்கூட வைக்கமாட்டான். எவனும் சாகலைன்னு தெரிஞ்சவன் வேணும்னா..." என்று சொல்லிக்கொண்டே அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தார் இசக்கியப்பன்.

விசிறி நின்றிருந்தது. பேராசிரியர் மஞ்சள் பையை இரண்டு கையாலும் மடியில் அணைத்திருந்தார். யாரும் அதைப் பிடுங்கவில்லை. சற்று நேரம் கழித்து அவரே கட்டைப் பிரித்து அந்த அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். தன் நாற்பது வருஷ உத்தியோகத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு இந்தப் பேச்சைப் பாடமாகச் சொன்னதாகச் சொன்னார். இந்த வருஷம் ஊர்ப் பத்திரிகைகளைச் சிவப்பு மையால் அடிக்க அடிக்க ராத்திரியில் தூக்கம் போய்விட்டது. வெளியூரில் ரகசியமாக அடித்தாராம். யார் அடித்தது என்று மட்டும் கேட்காதீர்கள் என்றார். துக்க அட்டை மாதிரி இருந்தால் போலீஸ் பிரித்துப் பார்க்காது என்று கணக்குப் போட்டாராம். ஊரே பிரிக்காமல் கிழித்துப் போடும் என்பது அவர் புத்திக்கு எட்டவில்லை.

"எல்லாத்தையும் வீடு வீடாப் போட்ட நீங்க இதை மட்டும் ஏன் பையில வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள் கிளாடிஸ்.

"வாழ்க்கையில அச்சுல வந்த என்னோட ஒரே எழுத்து அதும்மா. கிழிக்க மனசு வரலை."

எங்க அண்ணனை உள்ளே தள்ள மட்டும் மனசு வந்துச்சாக்கும் என்று அவள் நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள். ஜீப் போகும்வரை பொறுத்திருந்தால் போதும், கல்யாணம் முடிந்த மறுநாளே போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாராம். பெண்ணைப் பெற்றவன் நான், என் நிலைமையில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று இசக்கியப்பனைக் கேட்டார்.

கிளாடிஸ் அந்தப் பழைய புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். அவளுக்கு இங்கிலீஷ் டைப் அடிக்கிற அளவுக்குத் தெரியும். உறைந்த ஆற்றுப் பக்கத்திலிருந்து பின்னால் தள்ளித் தள்ளி அந்தப் பேச்சின் முதல் பக்கத்துக்கு வந்தாள். பிறகு அடுத்த பேச்சின் முதல் பக்கம். அதற்கடுத்தது.

"சார், இவங்களையெல்லாம் அப்புறம் என்ன செஞ்சாங்க?"

"சில பேர் தப்பிச்சாங்க. சில பேருக்குத் தலை போச்சு."

"தலை போகும்னு தெரியாமலா பேசினாங்க?"

"தெரியாம இருக்குமா?"

"ஆனா எல்லாப் பேச்சுலயும் முதல் பக்கத்துல பேர் போட்டிருக்கே. யார் பேசினது, எங்க, என்னைக்குன்னு பெரிய எழுத்துல போட்டிருக்கு." அவள் கறுப்பு விளிம்பு அட்டையை எடுத்து அந்தப் பக்கத்தின்மேல் வைத்தாள். "நீங்க ஆத்தைக்கூட விடாம தமிழ்ல போட்டீங்க. இதை மட்டும் விட்டுட்டீங்க. அந்தக் காலி இடத்துலதான் சார் எங்க அண்ணன் உக்காந்திருக்கான்."

பேராசிரியர் குனிந்து அந்தப் பக்கத்தில் இருந்த பெயரைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அதில் சிவப்பு மைதான் இருந்தது. அட்டையின் அடியில் தன் முழுப் பெயரையும் எழுதி, கீழே ஊரையும் தேதியையும் எழுதினார்.

எழுந்து நின்று, சத்தம் போடாமல், பக்கத்தில் இருக்கிறவனைக் கூப்பிடுகிற மாதிரி, "ஜெபகனி" என்றார்.

உடனே சாவி திரும்பியது. கதவு திறந்தது. வாசலை ஒட்டி ஒரு முக்காலி, முக்காலிக்குப் பக்கத்தில் மூன்று கலர் பாட்டில், உடைக்காமல், வெயிலில் சூடாகிப்போய் நின்றன. இவ்வளவு நேரமும் ஜெபகனி அங்கேதான் இருந்திருக்கிறான்.

"நான் கத்துனது கேக்கலையா?" என்றாள் கிளாடிஸ்.

"கேட்டுச்சும்மா. சார் கூப்பிட்டாத்தான் திறக்கணும், இல்லைன்னா சங்கு ஊதின பொறவுதான்னு உத்தரவு. உள்ள எலி இருக்கு, நீங்க பயந்து கத்துவீங்கன்னு சொன்னாவ."

"எலி இருந்துச்சு" என்றாள் கிளாடிஸ். "இப்ப இல்ல."

ரிக்‌ஷா போலீஸ் ஸ்டேஷன் தெருவில் திரும்பும்போது சங்கு ஊத ஆரம்பித்துவிட்டது. ஜீப் உறுமிக்கொண்டிருந்தது. பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவில் ரோச் தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். இசக்கியப்பன் இறங்குவதற்கு முன்னால் பேராசிரியர் இறங்கிவிட்டார். அந்த வயசில், வேட்டி காலைத் தடுக்க, நேரே போய் ஜீப்புக்கு முன்னால் நின்றார்.

என்ன சார் இது, தள்ளுங்க என்றார் இன்ஸ்பெக்டர் ராமர். பேராசிரியர் அட்டையை நீட்டினார்.

"பேசினவர் செத்து முந்நூறு வருஷம் ஆகுது. அவரைப் பிடிக்க முடியாது. தமிழ்ல பேச வச்சது நான். பேர் போட்டிருக்கேன், பாருங்க."

ராமர் அட்டையை வாங்கினார். கறுப்பு விளிம்பைப் பார்த்தார். பெயரைப் பார்த்தார். அவருடைய இரண்டு கையும் அவரை அறியாமலே அட்டையின் நடுவுக்குப் போய்க் கிழிக்கத் தோதாகப் பிடித்தன.

"ஏட்டி, பாத்தியா" என்றார் இசக்கியப்பன் கிளாடிஸிடம். பிறகு குரலை உயர்த்தி, "சார், கிழிச்சிராதீங்க, அதுதான் சாட்சி. போன வாரம் உங்க வீட்டுக்கு வந்ததையும் இப்படித்தானே செஞ்சீங்க?" என்றார்.

ராமர் தன் கையைத் தானே பார்த்தார். போன வாரம் வாசலில் என்ன செய்தோம் என்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் செத்துப்போய்விட்டது. பிறகு ரோச்சை இறக்கச் சொன்னார்.

ரோச் இறங்கினான். பேராசிரியர் ஏறினார். கான்ஸ்டபிள்களில் ஒருவன் அவரிடம் படித்தவனாம். எழுந்து நின்று, அவருக்கு உட்காரக் கை கொடுத்தான். மஞ்சள் பையை அவர் கிளாடிஸ் பக்கம் நீட்டினார்.

"வடிவுகிட்ட நீயே போய்ச் சொல்லும்மா. போலீஸ் சொல்லி அவ கேக்க வேண்டாம்."

அண்ணனைக் கட்டிக்கொண்டு கிளாடிஸ் அழுதாள். ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாளையங்கோட்டை ரோட்டில் போய் மறைந்தது. அண்ணன் வெளியே வந்துவிட்டான். இனி மாட்டிக்கொண்டவள் அவள்தான். மஞ்சள் பூசிய ஒரு கட்டுப் பத்திரிகையை வைத்துக்கொண்டு, முகம்கூடத் தெரியாத ஒரு கல்யாணப் பெண்ணின் வாசலில் போய் நிற்க வேண்டும்.

"கல்யாணம் நிக்குமோ அண்ணாச்சி?"

"தெரியலைளா" என்றார் இசக்கியப்பன். அவர் பொய் சொல்லிப் பழகாதவர்.

கிளாடிஸ் கைப்பையைத் திறந்தாள். தன் பத்திரிகையை ஜெபப் புத்தகத்துக்குள் வைக்கப் போனாள். விரல் வழக்கம்போல இறந்தவர்களுக்கான ஜெபத்தில் போய் நின்றது. அந்தப் பக்கத்தைத் தள்ளினாள். பிரயாணத்தில் இருப்பவர்களுக்கான ஜெபம் எங்கே என்று தேடி எடுத்து, அதில் வைத்து மூடினாள். பிறகு ரிக்‌ஷாவில் ஏறி, அருணாசலவடிவின் வீடு எந்தத் தெரு என்று ஜெபகனியிடம் கேட்டுவைக்காமல் வந்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு, மஞ்சள் பையில் இருந்த ஒரு பத்திரிகையில் விலாசத்தைப் பார்த்தாள்.